மரக்கோப்பை ஹெட்ஃபோன் – கடிதம்

வணக்கம் சார்,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில், ஹெட்ஃபோனின் பிளாஸ்டிக் கோப்பைகளைக் கழற்றிவிட்டு மரத்தில் கடைந்து மாட்டியதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்து நாளாக அலைகிறேன். ரோஸ்வுட் என்றால் பேஸ் திரண்டு வரும் என்கிறார்கள். மேப்பிள் பளிச்சென்று இருக்குமாம், வால்நட் கதகதப்பாக இருக்குமாம். என் நண்பன் ஒலிப்பொறியியல் படித்தவன். "எல்லாம் மனப்பிராந்தி. ஆணியில் தொங்கவிட்டாலும் ஒலி எழுப்புகிற டிரைவர் ஒன்றுதான்" என்கிறான்.

என்னிடம் பின்பக்கம் திறந்த பழைய க்ராடோ ஹெட்ஃபோன் ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பையில் விரிசல். தூக்கிப்போட மனமில்லை. மரவேலையில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி செய்ததோடு சரி. கடைசல் இயந்திரமும் கிடையாது. மரம் உண்மையிலேயே ஒலியை மாற்றுமா? எந்த மரம் நல்லது? என்னைப் போன்றவன் இதில் இறங்கலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் விட்டுவிட்ட கால்வாசி எங்கே இருக்கிறது என்பதை நான் கொஞ்சம் அசட்டுத்தனமான வழியில்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதல் ஜோடியை ரோஸ்வுட்டில் கடைந்தேன். மூன்று வாரம் பிடித்தது. மாட்டிக் கேட்ட முதல் இரவே அசந்துபோனேன். பாட்டு தலைக்குள்ளிருந்து வெளியேறி அறை முழுக்கப் பரவியது. குரல் ஓரிடத்தில் நிற்காமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. 'மேடை விரிந்தது' என்று ஹெட்ஃபோன் பித்தர்கள் சொல்வார்களே, அது இதுதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். ரோஸ்வுட்டின் அடர்த்தி, நார்களின் நெருக்கம் என்று கூடவே ஒரு சொற்பொழிவும் உண்டு. பாவம், அவர்களும் தலையாட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டேன். மோனோ என்றால் இரண்டு காதுக்கும் ஒரே சிக்னல். குரல் தலைக்கு நட்டநடுவில் ஆணி அடித்ததுபோல நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டாகப் பிளந்து இரண்டு காதோரமும் ஒதுங்கி நின்றது. கழற்றிப் பார்த்தால், வலது டிரைவரில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். இடது டிரைவரில் அதிர்ந்து ஒலி எழுப்புகிற சவ்வு முன்னால் வரும்போதெல்லாம் வலது சவ்வு பின்னால் போயிருக்கிறது. ஒரு வாரமாக ரோஸ்வுட்டின் பெயரில் நான் புகழ்ந்துகொண்டிருந்தது இரண்டு சொட்டு ஈயத்தை.

வயரைச் சரிசெய்ததும் மேடை பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மரம் என்றாலே இசை என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கை வாத்தியங்களிடமிருந்து வந்தது. வீணையின் குடமும் வயலினின் உடலும் அதிர்வதற்காகவே செய்யப்படுபவை. தந்தியின் அதிர்வை மெல்லிய பலகை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. அங்கே எந்த மரம், எவ்வளவு தடிமன் என்பது உயிர்நாடி. ஹெட்ஃபோனில் பாடுகிற வேலை டிரைவரின் சவ்வுக்கு மட்டும்தான். கோப்பைக்குச் சும்மா இருக்கிற வேலை. உள்ளங்கையில் அடங்குகிற கெட்டியான மரவளையத்தை அந்தச் சின்னச் சவ்வு அசைத்துப் பாடவைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அப்படியே பாடினால் அது கோளாறுதான்.

அப்படியானால் கோப்பை மாற்றியவர்கள் கேட்டதாகச் சொல்வதெல்லாம் பொய்யா என்றால், அதுவும் இல்லை. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மரத்தை வைக்கும்போது கூடவே வேறு நாலைந்து விஷயங்களும் மாறிவிடுகின்றன. உள்ளே அடைபடுகிற காற்றின் அளவு, கோப்பையின் ஆழம், உட்சுவரின் வடிவம், காதுமெத்தை உட்காருகிற விளிம்பு எல்லாமே வேறு. இவை ஒவ்வொன்றும் காதுக்குத் தெரிகிற அளவுக்கு ஒலியை மாற்றும். பாராட்டு மட்டும் மரத்துக்குப் போய்விடுகிறது.

மூடிய கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வு முன்னால் தள்ளுகிற அதே ஒலியைப் பின்னாலும் தள்ளுகிறது. பின்னால் 3.5 சென்டிமீட்டரில் தட்டையான சுவர் இருந்தால், ஒலி அங்கே மோதித் திரும்பும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். கணக்குப் போட்டால், போய்வரும் 7 சென்டிமீட்டர் ஓர் முழு அலைநீளமாக அமைவது ஏறத்தாழ 4900 ஹெர்ட்ஸில். அந்த இடத்தில் ஒலி தன்மேலேயே ஏறி நிற்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதால், இது உடனே உறுத்தும். பின்சுவரைக் கிண்ணம்போலக் குடைந்தாலோ, உள்ளே ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினாலோ அந்த உறுத்தல் அடங்கும். நான் தேக்கில் செய்த ஒரு மூடிய ஜோடியில், துவைத்த கம்பளித் துணியில் ஒரு வட்டம் வெட்டி வைத்தேன். மரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோதெல்லாம் கேட்காத வித்தியாசம் அந்த ஒரு துண்டுத் துணியில் கேட்டது.

ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்ற ஹெட்ஃபோனைத் திறந்து மாற்றியமைப்பதையே முழுநேரப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பஞ்சு, ஃபெல்ட், களிமண் போன்ற ஒட்டுப்பசை. மரம் பிறகுதான் வரும்.

1989இல் வந்த சோனி எம்டிஆர்-ஆர்10ஐப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள். செல்கோவா என்ற ஜப்பானிய மரத்தில் செய்த கோப்பைகள். மரக்கோப்பை பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அதில் வந்து நிற்கும். அதன் சவ்வு பாக்டீரியா உண்டாக்குகிற செல்லுலோஸால் ஆனது. அதைப் பற்றி யாரும் மரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பேசுவதில்லை. பாக்டீரியாவைப் படம் பிடித்துப் போட்டால் அழகாக இருக்காது என்பதால் இருக்கலாம்.

உங்களுடையது பின்பக்கம் திறந்தது, அதனால் கவலை குறைவு. அங்கே கோப்பை என்பது டிரைவருக்குப் பின்னால் நிற்கிற ஒரு குட்டைக் குழாய். குழாயை நீட்டினால் ஒலியின் நிறம் சற்று மாறும். அதனால் முதல் ஜோடியைப் பழைய பிளாஸ்டிக்கின் அதே ஆழத்தில், அதே உள்விட்டத்தில் செய்யுங்கள். க்ராடோ நிறுவனமே ஆர்எஸ்1 போன்ற தன் மாதிரிகளுக்கு மஹோகனிக் கோப்பை போட்டுத்தான் விற்றது. ஆகவே உங்கள் ஆசை ஒன்றும் விநோதமானதல்ல.

எந்த மரம் என்று கேட்டிருந்தீர்கள். ஒலியை மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். வெளிவிட்டம் 60, உள்விட்டம் 50, ஆழம் 30 மில்லிமீட்டர் உள்ள வளையம் என்றால் ஏறக்குறைய 26 கன சென்டிமீட்டர் மரம். தேக்கில் அது 17 கிராம், ரோஸ்வுட்டில் 22 கிராம். பெரிய வித்தியாசமில்லை, இஷ்டப்பட்டதை எடுக்கலாம். மூடிய பெரிய கோப்பைகளில் கதை வேறு. சுவரும் அடியும் ஒரு சென்டிமீட்டர் தடிமன் வைத்து 90 மில்லிமீட்டர் விட்டத்தில் ரோஸ்வுட்டைக் கடைந்தால், ஒரு பக்கமே 100 கிராமைத் தாண்டும். இரண்டு பாட்டு கேட்பதற்குள் உச்சந்தலை வலிக்கும். என் இரண்டாவது ஜோடி அலமாரியில் அழகாக உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

எடைக்கு அடுத்தது மரம் காய்ந்த பக்குவம். பச்சை மரம் வேண்டவே வேண்டாம். காய்ந்ததாகத் தோன்றும் மரமும் ஏமாற்றும். மரம் நார் ஓடுகிற திசையில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் வட்டமாகக் கடைந்தது சில வாரத்தில் முட்டை வடிவத்துக்குப் போகும். மழைக்காலத்தில் நான் டிரைவருக்குக் கச்சிதமாக, காற்றுப் புகாத அளவுக்கு இறுக்கமாகக் கடைந்த ஒரு வளையம், வெயில் ஏறியதும் நடு ராத்திரியில் 'டப்' என்று வெடித்தது. இப்போதெல்லாம் முதலில் முரட்டளவாகக் கடைந்து சில வாரம் ஆறப்போடுகிறேன். அது கோணிக்கொள்கிற அளவுக்குக் கோணிக்கொண்ட பிறகுதான் இறுதி அளவு. அப்போதும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைத் துணி டேப்பால் நிரப்புகிறேன்.

கடைசல் இயந்திரம் இல்லாதது பெரிய குறையில்லை. பத்து மில்லிமீட்டர் பலகையில் வளையங்கள் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கோப்பையாக்கலாம். ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்கே வரும்படி திருப்பி ஒட்டினால், நான் சொன்ன முட்டை வியாதியும் பெருமளவு போய்விடும். டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை போடுகிற ரம்பம் (ஹோல் சா) போதும். ஒரே ஒரு சூட்சுமம்: உள்வட்டத்தை முதலில் வெட்டினால், ரம்பத்தின் நடு முனை பிடிக்கிற ஓட்டை அந்தத் துண்டோடு போய்விடும், அப்புறம் வெளிவட்டத்துக்குப் பிடிமானம் இருக்காது. எனவே பெரிய ரம்பத்தால் அடியில் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்வரை இறங்குங்கள். பிறகு சின்ன ரம்பத்தால் உள்வட்டத்தை முழுக்க வெட்டி எடுங்கள். மிச்சமிருக்கிற தோலைக் கைரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவிவிடலாம். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காமல் போகலாம்.

தலைப்பட்டையின் கவை வந்து மாட்டுகிற இரண்டு குழிகள் இருக்கின்றனவே, அவற்றை அவசரப்பட்டுப் போடாதீர்கள். நேரெதிராக வரவேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கோப்பை காதில் சாய்ந்து உட்காரும். மெத்தைக்கும் காதுக்கும் நடுவே சந்து விழும். ஒலியில் ஏதோ சரியில்லை என்று நீங்கள் மரத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உப்புத்தாளை 120இல் தொடங்கி 240, 400 என்று போங்கள். 240 தாண்டும்போது ஓர் இடம் வரும். அதுவரை மங்கலாக, தூசு நிறத்தில் இருந்த மரத்தை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், உள்ளே இருக்கிற வரிகள் அத்தனையும் எழுந்து வரும். ஈரம் காய்கிற இரண்டு நிமிடத்தில் மறுபடி மறைந்துவிடும். எண்ணெய் போடும்போதுதான் அது நிரந்தரமாக நிற்கும். இதற்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று உங்கள் நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம். அதில் மனப்பிராந்தி ஒன்றும் இல்லை.

முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். ரோஸ்வுட் தூள் பலருக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை தரும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். பூசிய கோப்பையும் நன்றாக உலரட்டும். எண்ணெய் வாசனையோடு மாட்டினால் பாட்டைவிட அதுதான் முன்னால் நிற்கும்.

ஒலி மாறியதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முழு ஜோடியையும் மாற்றிவிட்டுப் பழையதை நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள். காதின் ஞாபகம் அவ்வளவு நேரம் தாங்காது. இடது பக்கம் மட்டும் மரத்தை மாட்டுங்கள், வலதில் பிளாஸ்டிக் இருக்கட்டும். மோனோ பதிவு ஒன்றைப் போட்டு, ஹெட்ஃபோனைத் திருப்பித் திருப்பி மாட்டிக் கேளுங்கள். நண்பரையும் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லிக் கேட்கவையுங்கள். அவர் எந்தப் பக்கம் மரம் என்று சரியாகச் சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் இறங்கலாம். விரிசல் விட்ட கோப்பை இருப்பதே நல்லது, கைநடுக்கம் குறையும். ஒட்டியிருக்கிற பசையைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி இளக்குங்கள். கத்தியை உள்ளே விட்டு நெம்ப வேண்டாம். டிரைவர் வெளியே வந்ததும் அதை மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும். அதன் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். ஒரே ஒரு துகள் சவ்வில் உட்கார்ந்தாலும் பாட்டு முழுக்கக் கரகரக்கும். ஊதிச் சுத்தம் செய்யப் பார்த்தால் சவ்வு மடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஈயத்தை இளக்கி வயர்களைப் பிரிப்பதற்கு முன், எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.