ஆபீஸ் சைக்கிள் கிளப்பில் சேரலாம். சைக்கிளை நாமே பார்த்து வாங்கலாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிள் பற்றியவை. வேலைக்கு சைக்கிளில் வரச் சொல்லி ஆபீசுக்கு ஆபீஸ் கிளப் தொடங்குகிறார்கள் போலிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வீடு, ஜங்ஷன் பக்கம் தனியார் ஆபீசில் வேலை. ஒரு நடைக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும். எங்கள் ஆபீசில் சைக்கிள் கிளப் ஆரம்பித்து, மாதம் 12 நாள் சைக்கிளில் வந்தால் கேன்டீன் கூப்பன் என்று சொல்லியிருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்து ஒரே மாடல் வாங்கினால் 15% தள்ளுபடியாம். 16,500 ரூபாய் கியர் சைக்கிள் 14,025-க்குக் கிடைக்கும், ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர். நான் பிளஸ் டூ வரை கவர்மென்ட் சைக்கிள் ஓட்டியதோடு சரி. பணம் கட்டலாமா?

பதில்: கிளப்பில் சேருங்கள். அந்த சைக்கிளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இருபது பேருக்கும் ஒரே உயரமா என்ன? சைக்கிள் செருப்பு மாதிரி, அளவு சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோஜனமில்லை. கடைக்குப் போய் சீட்டில் உட்காருங்கள், யாராவது பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு பெடலைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் சீட்டு உயரம் சரி. சீட்டை அந்த உயரத்துக்கு வைத்தபின் ஹேண்டில் பாரைப் பிடிக்க முதுகை வளைக்க வேண்டியிருந்தால் அந்த அளவு உங்களுக்கானது இல்லை. நடுக்கம்பியின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றும் பாருங்கள். கம்பி உடம்பில் இடித்தால், சிக்னலில் சட்டென்று இறங்கும்போது அதன் அருமை தெரியும். சுடிதாரோ புடவையோ கட்டிப் போகிறவர் என்றால் நடுக்கம்பி தாழ்ந்த மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, அந்த சைக்கிளில் என்ன இல்லை என்று பாருங்கள். மலைப்பாதைக்கென்று செய்த மாடல்களில் பெரும்பாலும் மட்கார்டு இராது, கேரியர் இராது, செயின் கவர் இராது. மழை பெய்த அன்று பின்சக்கரம் முதுகில் சேற்றுக் கோடு போடும். டிபன் பை தோளில் தொங்கும். செயின் மசி பேண்ட் நுனியில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது. இதையெல்லாம் தனியாக வாங்கி மாட்டினால் நீங்கள் மிச்சம் பிடித்த 2,475 ரூபாயில் பாதி போய்விடும். முன்னால் இருக்கும் ஸ்பிரிங் தார் ரோட்டில் உங்களுக்கு எதுவும் செய்யாது, எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைத் தின்னும். உங்கள் வழியில் பெரிய ஏற்றமும் கிடையாது. மேம்பாலத்தில் மட்டும் ஏறாதீர்கள், கீழ் ரோடே போதும். இந்த வழிக்கு கியர் இல்லாத சைக்கிள் தாராளமாகப் போகும். கூடுதல் சௌகரியம் வேண்டுமானால் பின்னால் மட்டும் ஏழு கியர் உள்ளது பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அதை யார் ரிப்பேர் செய்வார்கள் என்பது. சொந்த அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு நானும் இப்படி ஒரு டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கினேன். ஒருநாள் ஸ்டாண்டில் இருந்து சாய்ந்ததில் பின்னால் கியர் மாற்றும் கை வளைந்துவிட்டது. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்தார். பஞ்சர் என்றால் ஒட்டுவேன், வீல் கோட்டம் என்றால் எடுப்பேன், இதில் கை வைக்க மாட்டேன் சார் என்றார். விற்ற கடையில் பார்ட்ஸ் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் பைக்கில் போகிற பழக்கம் திரும்பி வந்துவிட்டது, சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடுகிற இடமானது. அதனால் உங்கள் வழியில் இருக்கிற மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள், "அண்ணா, எந்த சைக்கிள் என்றால் நீங்கள் பார்ப்பீர்கள்?" என்று. அவர் சொல்வதுதான் ஷோரூம்காரர் சொல்வதைவிட உங்களுக்கு உபயோகம்.

விலை விஷயமும் கவனியுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற உச்ச விலைதான். தனியாளாகப் போய்க் கேட்டாலே கொஞ்சம் குறைத்துத் தரும் கடைகள் உண்டு. இரண்டு கடையில் அதே மாடலுக்கு விலை கேட்டுவிட்டு 15% பெரிதா என்று முடிவு செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆகிவிட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் உள்ள சைக்கிள் முன்பு 11,200, இப்போது 10,500. பழைய ஸ்டாக் என்று சொல்லி பில்லில் 12% போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விற்கிற நாளில் உள்ள வரிதான் கணக்கு.

எது வாங்கினாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். இருபது சைக்கிளுக்கும் சேர்த்து கம்பெனி பெயரில் ஒரே பில் போட்டால், நாளைக்கு வாரன்டி கேட்கவும் புகார் கொடுக்கவும் நீங்கள் எச்.ஆர். மேஜைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தால் பெடல் அச்சு போகிற குழாயின் அடியில் பெரும்பாலும் ஒரு நம்பர் அடித்திருக்கும். அந்த நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள். சைக்கிள் காணாமல் போனால் ஸ்டேஷனில் இதுதான் என்னுடையது என்று சொல்ல வேறு வழி கிடையாது. சம்பளப் பிடித்தம் என்றால், நடுவில் வேலையை விட்டால் மிச்சத் தவணை என்ன ஆகும், சைக்கிள் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கிளப்காரர்களிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். தள்ளுபடிக்கு அலைகிற நேரத்தில் ஆபீசில் நிழலாக ஒரு ஸ்டாண்டும், பிரஷர் காட்டும் காற்றுப் பம்பும், சட்டை மாற்ற ஒரு ரூமும் கேட்டு வாங்கலாம். சித்திரை வெயிலில் எட்டு கிலோமீட்டர் மிதித்து வந்து வேர்த்த சட்டையோடு மீட்டிங்கில் உட்காரச் சொன்னால், கூப்பனுக்காக எத்தனை பேர் வருவார்கள்?

கேள்வி: ஆன்லைனில் கியர் சைக்கிள் வாங்கினேன். பாதி மாட்டி பெட்டியில் வந்தது. பக்கத்தில் ஒருவரிடம் 400 ரூபாய் கொடுத்து மீதியை மாட்டினேன். பத்தே நாளில் ஆபீஸ் போகும் வழியில் இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (சூரமங்கலம்)

பதில்: போவதற்கு முன் அந்தப் பெடலைக் கையில் எடுத்து அச்சு நுனியைப் பாருங்கள். பொடியாக எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எல் இடது, ஆர் வலது. இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதாவது இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். இது தெரியாமல் வலது பெடலை இடப்பக்கம் வைத்து ஸ்பேனரால் அழுத்தித் திருகினால் நாலு மரை ஏறி உட்கார்ந்துவிடும், அப்புறம் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும். கிராங்க், அதாவது பெடல் மாட்டுகிற கை, அதன் ஓட்டைக்குள் பாருங்கள். மரை நசுங்கிப் பிசிறு தெரிந்தால், என் கணிப்பில் தவறு மாட்டியவருடையது. அலுமினிய கிராங்க் என்றால் அதை மாற்றுவதுதான் வழி. மாட்டியவரிடமே பேசுங்கள், 400 ரூபாய் வாங்கியவருக்குப் பொறுப்பு உண்டு. அடுத்த முறைக்கு ஒரு குறுக்கு வழி: ஸ்பேனரின் பிடி மேலே இருக்கும்படி வைத்து முன்சக்கரம் பக்கமாகத் தள்ளினால் எந்தப் பெடலும் இறுகும்.

மரை நன்றாக இருந்து, அச்சே முறிந்திருந்தால் அது பொருளின் குறை. போட்டோ எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: கோரிமேட்டில் இருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் ஜோராக இருக்கிறது, சாயங்காலம் மூச்சு வாங்குகிறது. பேட்டரி சைக்கிள் 32,000 சொல்கிறார்கள், லைசென்ஸ் வேண்டாம், ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உங்கள் மூச்சுக்குக் காரணம் திருமணிமுத்தாறு ஓடுகிற திசை. சேர்வராயன் மலையில் பிறந்து தெற்கே ஊருக்குள் இறங்குகிறது. நீங்கள் தினமும் அதோடு இறங்கி, அதற்கு எதிராக ஏறுகிறீர்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை, ஆனால் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கும்வரைதான். "ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும் சார்" என்று கடைக்காரர் கண்ணடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். எடுத்துவிட்டால் அது பதிவு இல்லாத மோட்டார் வண்டி.

60 கிலோமீட்டர் என்பது சமதரையில், நீங்களும் நன்றாக மிதித்து, மோட்டார் லேசாகத் தள்ளினால் வருகிற கணக்கு. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-ஹவர் (Ah) என்றால் பெருக்கினால் 270 வாட்-ஹவர். ஏற்றத்தில் 250 வாட் மோட்டார் முழுமூச்சில் ஓடினால் சுமார் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் தூரத்துக்கு அது போதும். நான் கேட்கச் சொல்வது வேறு: மாற்று பேட்டரி என்ன விலை, எத்தனை வருட வாரன்டி, சேலத்திலேயே கிடைக்குமா? ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. பேட்டரி தீர்ந்துபோன அன்று அந்த எடையை மேட்டில் மிதிப்பது தண்டனை. வாங்குவதற்கு முன் ஏழு கியர் சைக்கிள் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கி ஒரு வாரம் சாயங்காலம் ஏறிப் பாருங்கள். 32,000 மிச்சமானாலும் ஆகலாம்.

கேள்வி: சைக்கிளில் வேலைக்குப் போகும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் உண்டா?

பதில்: ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் என்றால் உண்டு. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே நடக்கிற விபத்து, வேலைக்காகப் போய் வரும்போதுதான் நடந்தது என்று நிரூபணமானால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்று 2010-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. சைக்கிளா, பஸ்ஸா, நடையா என்று பேதமில்லை. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற சுரக்ஷா பீமா என்ற அரசு விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவை அது தராது.

கேள்வி: மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் மூன்று வருடமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. என் கணவர் ஆபீசில் கிளப் ஆரம்பித்ததும் புதிது வாங்க வேண்டும் என்கிறார். பழையதைத் தட்டி எடுத்தால் ஓடாதா? (கொண்டலாம்பட்டி)

பதில்: ஓடும். அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். டயர் ஓரத்தில் நகத்தால் கீறுங்கள், வெடிப்பு விட்டிருந்தால் இரண்டு டயரும் டியூபும் புதிது. பிரேக் கட்டை காய்ந்து கல்லாகியிருக்கும், மாற்றுங்கள். பால்ரஸ் எல்லாம் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். செயினுக்கு மட்டும் நீங்களே ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, அடுத்த ஊசியிலிருந்து எண்ணினால் 24-வது ஊசி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அரைக்கால் (1/8) அங்குலம் தள்ளியிருந்தால் செயின் நீண்டுவிட்டது, புதிது போடுங்கள். நீளவில்லை என்றால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். பெடல் அச்சுக் குழாயின் பக்கம் துரு உள்ளே அரித்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் உங்கள் கணவர் பக்கம் நான்.