படுத்துவிட்டால் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: பேரணாம்பட்டில் இருக்கிறேன், வயது 36. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. சம்பளம் 18,500 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் நடக்க வேண்டும் என்று தெரிந்த ஏஜென்ட்டிடம் கேட்டேன். மாதம் 2,500 ரூபாய் கட்டினால் 20 வருடம் கழித்து போனஸோடு வரும், நடுவில் 5 லட்சம் காப்பீடும் உண்டு என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 5 லட்சம் என்பது உங்களுடைய 27 மாதச் சம்பளம், அவ்வளவுதான். மூன்றாவது வருடம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது? தவிர, நீங்கள் உயிரோடு இருந்து வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் அந்த பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது. தவணை மட்டும் மாதாமாதம் கேட்கும்.

படுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்குப் பாதி பதில் உங்கள் பே ஸ்லிப்பிலேயே இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உங்கள் கணக்கில் மாதம் சுமார் 12,950 ரூபாய். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், குணமாகும் வரை. பைக்கில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் இதில் சேரும். ஆனால் வேறு வேலையாக குடியாத்தம் போய் விழுந்தால் சேராது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள். ஆயுள் காப்பீடு அல்லாத எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்ஷூரன்ஸ்) நிறுவனங்களிலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் 'சரல் சுரக்ஷா பீமா' போதும். அதில் தற்காலிக முடக்கத்துக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகச் சேராது. 10 லட்சத்துக்கு எடுத்தால், விபத்தில் முடங்கிய ஒவ்வொரு வாரத்துக்கும் 2,000 ரூபாய், 100 வாரம் வரை.

உயிருக்கு டெர்ம் பாலிசிதான், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி. 60 வயது வரை, 30 லட்சத்துக்குக் குறையாமல். கட்டிய பணம் திரும்ப வராது. அதனால்தான் விலை குறைவு, அதனால்தான் ஏஜென்ட்டுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. படிப்பையோ வருமானத்தையோ காட்டி மறுத்தால் 'சரல் ஜீவன் பீமா' கேளுங்கள்: 25 லட்சம் வரை உண்டு, முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் தரும். பீடி, சிகரெட், ஹான்ஸ் எது இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மனைவி சுற்றுவதை அல்ல, நீங்கள் பிடிப்பதை. மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அவர்தான் அலைய வேண்டும். பணத்தில் பாதியை மொத்தமாகவும் மீதியை மாதாமாதமாகவும் தரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கையில் மொத்தப் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதெல்லாம் கைக்கு வரும் வரை காத்திருக்காமல், சம்பளம் விழும் பேங்க்கில் இரண்டு படிவம் எழுதிக் கொடுங்கள். வருடத்துக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு (பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா), 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு (பிரதமரின் சுரக்ஷா பீமா).

அப்புறம் ஒன்று. பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மனைவி, பிள்ளைகளின் ஆதாரை எடுத்து வைத்துக்கொண்டு பி.எஃப். இணையதளத்தில் புதிதாகப் பதிந்துவிடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.