லிக்டன்ஸ்டைன் தனி நாடா, சுவிட்சர்லாந்தின் பகுதியா?

தனி நாடுதான். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் ஆற்றோரம் வெறும் 160 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 40,000 பேர். தலைநகர் வாடுஸ், மொழி ஜெர்மன்.

சரி, இவ்வளவு சின்ன நாடு எப்படி வந்தது? வியன்னாவில் செல்வாக்கோடு இருந்த லிக்டன்ஸ்டைன் குடும்பத்துக்கு, அப்போது ஜெர்மன் பகுதிகளை உள்ளடக்கியிருந்த புனித ரோமானியப் பேரரசின் மன்றத்தில் இடம் வேண்டியிருந்தது. அதற்குப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் தேவை. 1699-இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-இல் வாடுஸையும் வாங்கினார்கள். 1719-இல் இரண்டும் சேர்ந்து குடும்பப் பெயரிலேயே நாடானது. சங்கத்தில் ஓட்டுரிமைக்காக மனை வாங்கிப் போட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பார்களே, அந்த மாதிரி. ஆளும் குடும்பம் அங்கே நிரந்தரமாகக் குடிவந்ததே 1938-இல்தான்!

அப்புறம், அங்கே புழங்கும் சுவிஸ் பிராங்க்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; அது 1923 சுங்க ஒப்பந்தத்தையொட்டி வந்த ஏற்பாடு. நாடாளுமன்றம், பாஸ்போர்ட் எல்லாம் அவர்களுடையவைதான்.