அபராதம் இவர்கள் கையில், சுவிட்ச் யார் கையில்?

கேள்வி: ஃபேஸ்புக், கூகுள், எக்ஸ் என்று அமெரிக்கக் கம்பெனிகளை வரிசையாக நிற்க வைத்து அபராதம் போடுகிறது ஐரோப்பா. அதே ஐரோப்பா, ‘எங்கள் தகவலும் கம்ப்யூட்டர் சேவையும் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, எங்களுக்கு டிஜிட்டல் இறையாண்மை இல்லையே’ என்று புலம்பவும் செய்கிறது. அடிக்கிறவனே அழலாமா? இதில் ஜனநாயகம் எங்கே வருகிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடிப்பது உண்மைதான். எக்ஸ் தளத்துக்கு 2025 டிசம்பரில் 12 கோடி யூரோ. அதற்கு முன், 2023 மே மாதம், ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தீட்டியது 120 கோடி யூரோ. எதற்கு? ஐரோப்பியர்களின் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்கு. ‘இனி அனுப்பாதே’ என்ற உத்தரவும் கூடவே வந்தது. ஆனால் கொடுத்த கெடு முடிவதற்குள், ஜூலை மாதமே பிரஸ்ஸெல்ஸும் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம்) வாஷிங்டனும் புது ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. தகவல் பழையபடி கடல் தாண்டிப் போகிறது, இப்போது சட்டப்படி.

நீங்கள் தேடுகிற ஜனநாயகம் இந்தக் கதையின் ஆரம்பத்தில் இருக்கிறது. 2011இல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்டக் கல்லூரி மாணவர், ‘என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், கொடுங்கள்’ என்று ஃபேஸ்புக்கிடம் கேட்டார். கேட்க ஐரோப்பியச் சட்டத்தில் உரிமை உண்டு. சி.டி.யில் வந்தது, 1,200 பக்கத்துக்கு மேல். அவர் அழித்துவிட்டதாக நினைத்த பழைய செய்திகளும் அதில் பத்திரமாக இருந்தன. மனிதர் விடவில்லை. 2013இல், அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் அதன் உளவு வேலைகளை வெளியே போட்டதும் அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு வழக்கை நகர்த்தினார். தகவல் பரிமாற்றத்துக்காக ஐரோப்பாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஏற்பாட்டை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. வேறு பெயரில் திரும்பி வந்ததை 2020இல் மறுபடியும் ரத்து செய்தது. ஒரு தனி ஆள் இரண்டு பெரும் சக்திகளின் ஒப்பந்தத்தை இரண்டு முறை கவிழ்த்திருக்கிறார். சரி, மூன்றாவது ஏற்பாடு? அதுதான் அந்த 2023 ஜூலை சமாசாரம். அதை எதிர்த்துப் பிரெஞ்சு எம்.பி. ஒருவர் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

ஆகவே சட்டம் எழுதுவதில் ஐரோப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதன் நிலைமை, வாடகைச் சட்டத்தை வரி விடாமல் படித்து வைத்திருக்கும் குடித்தனக்காரரின் நிலைமை: தண்ணீர் மோட்டார் சுவிட்ச் ஹவுஸ் ஓனர் போர்ஷனில் இருக்கிறது. கிளவுட், அதாவது இணையம் வழியே சர்வர்களை வாடகைக்கு விடும் தொழில்; ஐரோப்பாவில் அந்தச் சந்தையில் பெரும்பங்கு அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றுக்கும்தான்.

சுவிட்ச் என்றால் என்னவென்று 2025இல் தெரிந்தது. இஸ்ரேல் பிரதமருக்குப் பிடிவாரண்ட் வாங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் கரீம் கான் மீது டிரம்ப் பிப்ரவரியில் பொருளாதாரத் தடை விதித்தார். மே மாதம் வந்த செய்தி: அவருடைய மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் வேலை செய்யவில்லை, அவர் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் மின்னஞ்சலுக்கு மாறிவிட்டார். நீதிமன்றத்துக்கான சேவையை நாங்கள் நிறுத்தவே இல்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். இருக்கட்டும். ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றம் அதே வருஷம் ஜெர்மானியத் திறமூல மென்பொருளுக்கு (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) மாற முடிவெடுத்தது.

2025 ஜூனில் பாரிஸில் இன்னொரு காட்சி. மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்டப் பிரிவுத் தலைவரை செனட் விசாரணைக் குழு கூப்பிட்டு, சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கேட்டது: பிரெஞ்சு அரசின் அனுமதி இல்லாமல் பிரெஞ்சு மக்களின் தகவல் அமெரிக்காவுக்குப் போகவே போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா? முடியாது, ஆனால் இதுவரை அப்படி நடந்ததில்லை என்றார். பாராட்ட வேண்டிய நேர்மை. ஏனென்றால் 2018இன் அமெரிக்கச் சட்டப்படி, சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்கக் கம்பெனி கையில் இருக்கும் தகவலை அமெரிக்க அதிகாரிகள் முறைப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். ‘உங்கள் தகவல் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இருக்கிறது’ என்ற விளம்பரத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். மியூனிக் மாநகராட்சி 2003லேயே மைக்ரோசாஃப்டின் விண்டோஸை விட்டுத் திறமூல லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. பத்து வருஷம் பாடுபட்டு மாறியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் மியூனிக் நகருக்குள் குடிவந்தது. சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். ‘ஐரோப்பாவின் சொந்த கிளவுட்’ என்று தடபுடலாக ஆரம்பித்த கையா-எக்ஸ் திட்டத்தில் கொஞ்ச காலத்திலேயே அமேசானும் மைக்ரோசாஃப்டும் உறுப்பினர்களாக வந்து உட்கார்ந்தன. உருப்படியாக நடந்திருப்பது ஜெர்மனியின் வடகோடியில். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 அக்டோபரில் 40,000க்கு மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. இடையில் மெயில் தாமதமாகிறது, கிடைக்கவில்லை என்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், வேலை நிற்கவில்லை. மேடைப் பேச்சை விட இந்த முணுமுணுப்பில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அப்புறம், சுவிட்ச் பிரஸ்ஸெல்ஸ் கைக்கு வந்துவிட்டால் மக்களுக்கு நிம்மதி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பது நோக்கம். குறை சொல்ல முடியாது. ஆனால் வழி? வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் போகும் பூட்டிய செய்திகளையும் சல்லடை போடச் சொல்லிக் கம்பெனிகளுக்கு உத்தரவிடலாம் என்றது. அப்படிச் செய்தால் ஐரோப்பாவை விட்டே போய்விடுவோம் என்றது சிக்னல். எதிர்ப்பு வலுத்து, 2025 இறுதியில் உறுப்பு நாடுகள் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. அமெரிக்க ஒற்றனிடமிருந்து காப்பாற்றிய கடிதத்தை உள்ளூர் அதிகாரி பிரித்துப் படிப்பதற்குப் பெயர் இறையாண்மையாக இருக்கலாம். ஜனநாயகம் இல்லை.

ஐரோப்பாவின் அழுகைக்கு நான் முழுசாகக் கரையாமல் இருப்பதற்கான காரணம் குஜராத்தில் இருக்கிறது. வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49 சதவீதம் பங்கு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சில நாளில் நயாராவின் மின்னஞ்சலும் டீம்ஸும் நின்றன, நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். காசு கொடுத்து வாங்கிய சேவை, இந்தியச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் இணைப்பு திரும்பி வந்தது. உத்தரவு ஐரோப்பாவுடையது, கம்பெனி அமெரிக்காவுடையது, மெயில் நின்றது நம் ஊரில். அந்த வாரம் வாடினாரின் டிஜிட்டல் இறையாண்மைக்காக பிரஸ்ஸெல்ஸில் யாரும் கண்ணீர் விட்டதாக நான் படிக்கவில்லை.