மட்டையின் வலிமை கூடினால் கோல்ஃபின் சுவை குறையுமா?

கிராஃபைட் மட்டைகள் வந்தபின் டென்னிஸில் வேகம் மேலோங்கியதுபோல, டைட்டானியம் டிரைவர்கள் (பந்தை வெகுதூரம் அடிக்கும் மட்டைகள்) கோல்ஃபின் சுவையையும் கெடுத்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுக்கவில்லை என்பதே என் உறுதியான கருத்து. டென்னிஸில் ஒருவர் அடிக்கும் வேகம் எதிராளியின் நேரத்தைப் பறிக்கிறது. கோல்ஃபிலோ பந்து அசையாமல் காத்திருப்பதால், எவருடைய வலிமையும் அடுத்தவரின் அடியைத் தடுப்பதில்லை. டிரைவரின் தலைப்பகுதி 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என விதியும் கடிவாளமிடுகிறது. அதைவிட முக்கியமாக, 250 மீட்டர் பறக்கும் அடியும், குழியின் விளிம்பில் நின்றுவிட்ட பந்தை உள்ளே தள்ளும் மெல்லிய தட்டலும் கணக்கில் தலா ஓர் அடியே. 108 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் குழியின் எதிரே, புல்தரையின் சாய்வைக் குனிந்து பார்த்து, மூச்சை அடக்கி நிற்கும் நொடியில் எந்த உலோகமும் கைகொடுப்பதில்லை. மேலும், புதியவரும் தேர்ந்தவரும் திறனுக்கேற்ப அடிகளில் சலுகை தரும் ஹேண்டிகேப் முறையால் ஒரே ஆட்டத்தில் நிகராக மோதலாம். டென்னிஸில் அது அரிது.