20 மி.மீ. துளைக்குப் பின்னால்: இன்டேக் மேனிஃபோல்டு கேள்வி-பதில்

ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் பந்தயங்களில், பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளை உள்ள பகுதிதான் ரெஸ்ட்ரிக்டர். அதிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோவது இன்டேக் மேனிஃபோல்டு: பிளீனம் என்ற காற்றறையும், அங்கிருந்து சிலிண்டருக்குப் போகும் ரன்னர் என்ற குழாயும். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கேடிஎம் 390-இன் 373 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பற்றியவை.

கேள்வி: 373 சி.சி.க்கு 20 மி.மீ. துளையே தாராளம் என்கிறார் எங்கள் சீனியர். அப்படியானால் 3 லிட்டர் பிளீனம் எதற்கு?

சராசரியை மட்டும் பார்த்தால் சீனியர் சொல்வது சரி. துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் வராது. கோவை கரி ஸ்பீட்வே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 30 டிகிரி வெயிலில் இந்த உச்சவரம்பு விநாடிக்குச் சுமார் 70 கிராம் காற்று. உங்கள் எஞ்சின் 9000 ஆர்.பி.எம்.மில் சராசரியாகக் கேட்பது 31 கிராம்தான்.

ஆனால் ஒற்றை சிலிண்டர் தொடர்ந்து மூச்சு இழுப்பதில்லை. 720 டிகிரி சுழற்சியில் இன்டேக் வால்வு திறந்திருப்பது மூன்றில் ஒரு பங்குதான். 31 கிராமும் அந்தச் சிறு நேரத்துக்குள் போக வேண்டுமென்றால், அந்தக் கணத்தில் 90 கிராமுக்கு மேல் தேவைப்படும். அப்போது துளை அடைத்துக்கொள்கிறது. மீதி நேரம் சும்மா கிடக்கிறது. வால்வு மூடியிருக்கும்போதும் துளை வழியாகக் காற்று வந்து சேர ஓர் இடம் வேண்டும். அதுதான் பிளீனம்.

தோராயக் கணக்கில், ஓர் உறிஞ்சலின்போது பிளீனத்துக்குள் அழுத்தம் 1 லிட்டரில் 35 சதவீதமும், 3 லிட்டரில் 12 சதவீதமும், 5 லிட்டரில் 7 சதவீதமும் விழும். முதல் 3 லிட்டரில் கிடைக்கும் லாபம் பெரிது, அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போகிறது. 3 முதல் 4 லிட்டர் நல்ல தொடக்கம். நான்கு சிலிண்டர் 600 சி.சி. எஞ்சினின் கதை வேறு: 12000 ஆர்.பி.எம்.மில் அதன் சராசரியே 66 கிராமைத் தொடுகிறது, இழுப்பும் ஓரளவு சீராக இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியது நான்கு ரன்னருக்கும் சமமாகக் காற்று போகிறதா என்பதே.

கேள்வி: பிளீனம் பெரிதானால் த்ராட்டில் (பெடல் திறக்கும் காற்றுக் கதவு) மந்தமாகாதா?

கொஞ்சம் ஆகும், பயப்படும் அளவுக்கு இல்லை. 40 கிலோபாஸ்கலில் இருக்கும் 3 லிட்டர் பிளீனம் நிரம்பச் சுமார் 2 கிராம் காற்று போதும். எஞ்சின் குடிப்பதைக் கழித்தாலும் 40 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும், 6000 ஆர்.பி.எம்.மில் அது வெறும் இரண்டு 720 டிகிரி சுழற்சி. மந்தம் என்று ஓட்டுநர் சொன்னால், பிளீனத்தை வெட்டும் முன் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சி.யு.வில் ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட்டை (பெடலை மிதிக்கும்போது தரும் கூடுதல் பெட்ரோலை) சரிபாருங்கள்.

கேள்வி: வண்டியோடு வந்த 46 மி.மீ. த்ராட்டில் பாடியையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அதன் பரப்பு துளையைப் போல ஐந்து மடங்கு. பெடலை 40 சதவீதம் மிதித்ததுமே த்ராட்டில் வழி துளையின் அளவை எட்டிவிடும். மிச்ச மிதிப்பில் ஒன்றும் நடக்காது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஓட்டுநரால் அளந்து மிதிக்க முடியாது. 28 முதல் 32 மி.மீ. போதும். டர்போ இல்லாத எஞ்சினில் வரிசை த்ராட்டில், ரெஸ்ட்ரிக்டர், எஞ்சின் என்று இருக்க வேண்டும்.

த்ராட்டிலை முன்னே நகர்த்தும்போது பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் கூடவே கொண்டுபோய்விடாதீர்கள். அது சிலிண்டர் ஹெட்டுக்கு அருகில், ரன்னரின் கடைசியில், வால்வின் முதுகை நோக்கிப் பீய்ச்ச வேண்டும். பிளீனத்துக்கு முன்னால் பெட்ரோல் அடித்தால் அது உள்ளே குட்டையாகத் தேங்கும். ஒரு பேக்ஃபயர் வந்தால் பிளீனமே வெடிக்கும்.

கேள்வி: ரெஸ்ட்ரிக்டரின் கோணங்கள் எவ்வளவு?

நுழைவுப் பக்கம் மன்னிக்கும், வெளியேறும் பக்கம் மன்னிக்காது. சுருங்கும் பகுதி அச்சிலிருந்து 12 முதல் 15 டிகிரி இருக்கலாம். விரியும் பகுதி (டிஃப்யூசர்) 4 டிகிரி, 20 மி.மீ.யிலிருந்து 44 மி.மீ. வரை விரிய 172 மி.மீ. நீளம் பிடிக்கும். இடமில்லை என்று இதைப் பாதியாக வெட்டினால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், மீள வேண்டிய அழுத்தம் வெப்பமாகப் போய்விடும். இடம் குறைவாக இருந்தால் பிளீனத்தின் வடிவத்தை மாற்றுங்கள், டிஃப்யூசரைத் தொடாதீர்கள். துளையை அலுமினியத்தில் 19.95 மி.மீ.க்குக் கடைந்து பொருத்துங்கள். பரப்பில் அரை சதவீதம்தான் இழப்பு, சோதனையில் 20 மி.மீ. அளவுக் கேஜ் உள்ளே நுழைந்துவிடும் என்ற கவலையும் இல்லை.

கேள்வி: ரன்னர் நீளத்துக்குக் கைக்கணக்கு உண்டா?

உண்டு. வால்வில் கிளம்பும் தாழ்வழுத்த அலை ரன்னரின் திறந்த முனையில் மோதி, உயர்வழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படும். போய்வர 90 கிராங்க் டிகிரி என்று வைத்துக்கொண்டு, 40 டிகிரி காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 355 மீட்டர் என்று எடுத்தால்:

நீளம் (மீட்டரில்) = 90 × 355 ÷ (12 × ஆர்.பி.எம்.)

7000க்கு 380 மி.மீ., 8000க்கு 333 மி.மீ. வரும். இது வால்வு இருக்கையிலிருந்து ரன்னர் முனையில் விரிந்திருக்கும் பெல்மவுத் வாய் வரையான நீளம். ஹெட்டுக்குள் இருக்கும் காற்றுப் பாதையான போர்ட்டின் நீளத்தைக் கழிக்க மறப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. திறந்த முனைக்காக விட்டத்தில் 0.3 பங்கையும் கழியுங்கள். 10 மி.மீ. மாற்றினால் உச்சம் ஏறக்குறைய 200 ஆர்.பி.எம். நகரும். அதனால் எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் 20 மி.மீ. இடைவெளியில் மூன்று ரன்னர்களையாவது மாற்றிப் பாருங்கள். இந்தச் சூத்திரம் தேடலைத் தொடங்கும் இடத்தைக் காட்டும், அவ்வளவே.

எந்த ஆர்.பி.எம்.முக்கு வைப்பது? ஆட்டோகிராஸ் (வளைவுகள் நிறைந்த ஒரு சுற்று நேரப் போட்டி) பாதையில் எஞ்சின் உண்மையில் எங்கே ஓடுகிறது என்று டேட்டா லாகரில் பாருங்கள். பெரும்பாலும் உச்சக் குதிரைத்திறன் வரும் இடத்துக்கு வெகு கீழேதான் இருக்கும்.

ரன்னர் விட்டம் 38 முதல் 42 மி.மீ. இருக்கட்டும். 89 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இந்த எஞ்சினில் 40 மி.மீ. ரன்னர், 8500 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 84 மீட்டர் வேகம் தருகிறது. நல்ல அளவு.

கேள்வி: ரன்னர் உட்புறத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்தால்?

நேரம்தான் வீண். அதைப் பெல்மவுத்தில் செலவிடுங்கள். பிளீனத்துக்குள் கூரிய விளிம்போடு நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் இழப்புக் கெழு 0.8, விளிம்பை விட்டத்தில் 0.15 பங்கு ஆரத்துக்கு உருட்டினால் 0.04. எதிரே இருக்கும் சுவர் குறைந்தது ஒரு விட்டம் தள்ளியிருக்கட்டும்.

கேள்வி: பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்யலாமா?

கூடாது. அது 60 டிகிரி வாக்கிலேயே இளகும். ஏபிஎஸ்ஸைப் பெட்ரோல் தின்றுவிடும். எஸ்.எல்.எஸ். முறையில் (தூளை லேசரால் உருக்கி ஒட்டுவது) பிஏ12 நைலான், 3 மி.மீ. சுவர், உள்ளே எபாக்ஸிப் பூச்சு என்று போங்கள். அல்லது 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் டிக் வெல்டிங். தட்டையான சுவரைத் தவிருங்கள். த்ராட்டில் மூடிய நிலையில் 150 × 150 மி.மீ. தட்டையான பக்கத்தின் மீது வெளிக்காற்று ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். உருளை வடிவம் அதைச் சுலபமாகத் தாங்கும்.

ரன்னரை ஹெட்டோடு இணைக்கச் சாதாரண சிலிக்கான் குழாய் வேண்டாம், பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஃப்ளோரோசிலிக்கான் உள்பூச்சு உள்ளது அல்லது நைட்ரைல் ரப்பர் வாங்குங்கள். பொருத்தியபின் 0.2 பார் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசிவு இல்லையென்றால், ஐடிலில் த்ராட்டில் வாயை ஒரு பலகையால் மூடியதும் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் துளைக்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது. சோதனை அதிகாரி கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடியுங்கள்.