கழுவி எடுத்துவந்த டப்பா

கேள்வி: டோம்பிவ்லியில் இருக்கிறேன். வயது 36. மும்பை ஃபோர்ட்டில் ஆபீஸ். காலை 7.10க்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி 8 ஆகிவிடும். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. ஸ்டேஷன் வடாபாவை நிறுத்திவிட்டு, பசித்தால் பச்சைக் காய், பழம், பயறு சாப்பிடச் சொன்னார் டாக்டர். அத்தை (மாமியார், வயது 68) மாமா போனபிறகு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். இந்தி, மராத்தி தெரியாது. நாள் முழுக்க அடுக்களைதான். காலை 5 மணிக்கு எழுந்து வெள்ளரி, கேரட், பப்பாளி எல்லாம் நறுக்கி உப்புப் போட்டு, முளைகட்டிய பயறும் சேர்த்து டப்பாவில் வைத்துத் தருகிறார். 11 மணிக்குத் திறந்தால் தண்ணீர் விட்டுக் கிடக்கிறது, பயறு வாடை அடிக்கிறது. அவர் மனசு நோகக் கூடாதே என்று ஆபீஸிலேயே கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். இப்போது பெரிய டப்பா வேறு வாங்கிவிட்டார். என் கணவர் எழுவதே 7 மணிக்கு, அவர் இதில் தலையிடுவதில்லை. அத்தைக்குத் தெரியாமல் நானே வாங்கி வைத்துக்கொள்ளும்படி, சமைக்காத, ஆரோக்கியமான தீனிகள் சொல்லுங்கள்.
— வாசகி, டோம்பிவ்லி

பதில்: அந்தப் பெரிய டப்பா ஏன் வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அதை ஒரு தொல்லையாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. தினமும் ராத்திரி ஒரு துண்டு மிச்சமில்லாமல் டப்பா வீட்டுக்கு வருகிறது. "நல்லா இருந்துச்சாம்மா?" என்று அவர் கேட்டிருப்பார். "இருந்துச்சு அத்தை" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இப்படிச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வைத்தது போதவில்லை என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். பாஷை தெரியாத ஊரில் கடைக்குப் போய், விரலைக் காட்டி விலை கேட்டு, உங்களுக்காக ஒரு பெரிய டப்பா வாங்கியிருக்கிறார். நீங்கள் சொன்ன பொய்தான் அந்த டப்பாவைப் பெரிதாக்கியது. இனி அவர் இன்னும் அதிகம் நறுக்குவார், நீங்கள் இன்னும் அதிகம் கொட்டுவீர்கள்.

என்ன தாயே இது? மனசு நோகக் கூடாதென்று செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லித் தொலைக்கும் சங்கடத்திலிருந்து உங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்று எனக்குப் படுகிறது. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மருமகள் கொட்டுவாள், மகன் கொட்டுவான், பேரன் பள்ளிக்கூடத்தில் கொட்டுவான். வீட்டில் இருக்கும் பெரியவரிடம் எல்லோரும் சேர்ந்து நன்றாக இருந்தது என்பார்கள். அவரிடம் உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டார், திருத்திக்கொள்ள மாட்டார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். புருஷனை அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஊரை விட்டு வந்து, தெரியாத ஊரில் மூன்றாவது மாடியிலோ நான்காவது மாடியிலோ உட்கார்ந்திருக்கிற ஒருவர், கேரட் தண்ணீர் விடுகிறது என்று கேட்டால் உடைந்துபோவாரா? அவர் உடைவது, இத்தனை நாள் விடியுமுன் எழுந்து நறுக்கியதெல்லாம் குப்பைக்குப் போனது என்று வேறு யார் மூலமாவது தெரியவரும்போதுதான்.

இன்னொன்று. டப்பாவாலாக்கள் 1890 முதல் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்துபோய் ஆபீஸில் சேர்க்கிற ஊர் நீங்கள் இருக்கும் ஊர். வீட்டுக் கையால் ஒரு வாய் சாப்பிட மாதாமாதம் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் அங்கே. உங்களுக்கு அது காசில்லாமல் கையில் வருகிறது. சாப்பிடக்கூடிய நிலையில் வரவில்லை என்பது நிஜம்தான். அதற்குக் காரணம் அவருடைய கை கிடையாது, நேரமும் உப்பும்தான். அதைப் பார்ப்போம்.

வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர். நறுக்கிய இடத்தில் உப்புப் பட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும். 5 மணிக்கு உப்புப் போட்டு 11 மணிக்குத் திறந்தால் ஆறு மணி நேரம். நறுக்கிய காயும் பழமும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான். சென்ட்ரல் லைன் ரயிலில், காலைக் கூட்டத்தில், நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பைக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முளைப்பயறு அதைவிட மோசம். பயறு முளைவிட எந்த ஈரமும் கதகதப்பும் வேண்டுமோ, அதே ஈரத்திலும் கதகதப்பிலும்தான் கிருமியும் பெருகும். வாடை அடித்ததைச் சாப்பிடாமல் விட்டீர்களே, அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தீர்கள்.

இதையெல்லாம் அத்தைக்கு யார் சொன்னது? நீங்கள் அந்த டப்பாவை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்றாவது அவருக்குத் தெரியுமா? ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் சாப்பிடுவீர்கள் என்று நினைத்திருக்கலாம். தாமிரபரணிப் பக்கம் வெயிலில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்த தலைமுறை அது. எது எத்தனை நேரம் தாங்கும் என்று உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகவே தெரியும். 11 மணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே உப்பை நிறுத்தியிருப்பார்.

அதனால் அவருக்குத் தெரியாமல் வாங்கி வைக்கும் பட்டியல் எதையும் நான் தரப்போவதில்லை. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அத்தை, இத்தனை நாளா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நீங்க வைக்கிறது பதினோரு மணிக்குள்ள தண்ணி விட்டுருது. சாப்பிட முடியாம கொட்டிட்டேன். எப்படி வச்சா கெடாதுன்னு நீங்கதான் சொல்லணும்." சுற்றி வளைக்காதீர்கள், வேலைப்பளு அது இதென்று காரணம் அடுக்காதீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அது அவர் உரிமை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டப்பாவுக்குள் என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் எதையும் நறுக்கக் கூடாது. முழுசாகவே போகட்டும். கேரட்டை ராத்திரியே கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோல் சீவாமல் பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் மறுநாள் சாயங்காலம் வரை மொறுமொறுப்பாக இருக்கும். வெள்ளரிப்பிஞ்சும் அப்படித்தான், கடித்தே சாப்பிடலாம். கொய்யா முழுசாக, அதிகம் பழுக்காத காயாகப் பார்த்து எடுங்கள், உங்கள் 6.1க்கு அதைவிடப் பொருத்தமான பழம் எனக்குத் தோன்றவில்லை. ஆரஞ்சு, சாத்துக்குடி வைக்கலாம். சாறு பிழியாமல் சுளையாகச் சாப்பிட வேண்டும். ஏலக்கி வாழைப்பழம் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். டகாணுப் பக்கத்துச் சப்போட்டா ருசிதான், அது ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் பாதி. உப்பும் மிளகும் சின்னப் பொட்டலமாகத் தனியே இருக்கட்டும். ஒரு முழு எலுமிச்சம்பழமும் சின்னக் கத்தியும் ஆபீஸ் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கட்டும்.

இதெல்லாம் 11 மணிக்கு. உங்களைக் கவிழ்ப்பது 11 மணிப் பசி கிடையாது. நாலரை மணிக்கு ஒன்றும் சாப்பிடாமல் ஆறரைக்கு சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் போய் நிற்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வடாபாவ் ஜெயிக்கிறது. அந்த நாலரைக்குக் காய் மட்டும் போதாது. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் அளவு, அதில் 7 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இல்லையென்றால் பொட்டுக்கடலையும் இரண்டு கீற்றுக் கொப்பரைத் தேங்காயும். வறுத்தது பச்சை ஆகாதே என்று என்னிடம் வாதாட வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொன்னது மைதாப் பாவையும் எண்ணெயில் பொரித்த வடையையும். ஊறவைத்த கடலை டப்பாவுக்குள் மதியத்துக்கே கொழகொழத்துவிடும், பயண நாட்களில் அதைத் தொடாதீர்கள். கோசுமல்லி ஆசை இருந்தால் விடுமுறை நாளில் அத்தையைச் செய்யச் சொல்லி, கலந்த உடனே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராமநவமி வரை காத்திருக்க வேண்டியதில்லை. முளைப்பயறும் வீட்டில்தான், அதுவும் இட்லிப் பானையில் ஆவி காட்டி.

பருவத்தையும் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, மழை கொட்டுகிற மாதங்களில், பச்சைக் கீரை, முட்டைக்கோஸ் பக்கமே போகாதீர்கள். தோல் உரித்துச் சாப்பிடும் பழம் மட்டும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தண்ணீர் வழியாக வரும் காலம் அது. குளிர்காலம்தான் உங்கள் காலம். நெல்லிக்காய், சிவப்புக் கேரட், பச்சைப் பட்டாணி, செடியோடு கட்டுக் கட்டாக வரும் பச்சைக் கொண்டைக்கடலை எல்லாம் அப்போது மலிவு. மாலை லோக்கலில் பெண்கள் பெட்டியில் பட்டாணி உரிப்பதையும் வெந்தயக்கீரை ஆய்வதையும் தினம் பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள்? உட்கார இடம் கிடைக்கிற நாளில் நீங்களும் மறுநாள் தீனிக்கான பட்டாணியை உரித்துக்கொண்டு வாருங்கள். அத்தை 5 மணிக்கு எழ வேண்டிய வேலையே இருக்காது. எழுந்தே தீருவேன் என்றால் எழட்டும், அவர் இஷ்டம். ஆனால் உங்களுக்காக எழும்படி இருக்கக் கூடாது.

உங்கள் கணவர் கடிதத்தில் ஒரே வரியில் வருகிறார், அதுவும் தூங்கிக்கொண்டு. அது அவருடைய அம்மா. அம்மா விடியுமுன் எழுந்து காய் நறுக்குவதும், மனைவிக்குச் சர்க்கரை எல்லையில் நிற்பதும் தலையிட வேண்டிய விஷயமாக அவருக்குத் தெரியவில்லை என்றால், தெரிய வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் மார்க்கெட்டுக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை மாட்டுங்கா வரைக்கும் போகட்டும். நம் ஊர்க் காயும் வாழை இலையும் விற்கிற இடம், தமிழில் பேரம் பேசவும் ஆள் கிடைக்கும். அவர் அங்கே நின்று பேசுவதை மகன் ஒரு முறை பார்க்கட்டும். பிள்ளை சம்பாதித்துப் போடுவதோடு பெற்றவளுக்கான கடமை முடிந்தது என்று இருக்கிற ஆண்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. 5.7லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால் சர்க்கரை நோய். உங்கள் 6.1ஐக் கீழே கொண்டுவர இன்னும் இடம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து டாக்டர் சொல்கிறபடி மறுபடி பரிசோதனைக்குப் போவீர்கள். போகும்போது அத்தையையும் அழைத்துப்போங்கள். உங்கள் எண்ணைத் தசமப் புள்ளியோடு எழுதியிருக்கிறீர்கள். 68 வயதில், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குச் சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.